அண்ணாவின் மாநிலங்களவைப் பேச்சுகள்: மேற்கோள் அட்டைகளைத் தாண்டி என்ன இருக்கிறது?

கரிகாலன்_காஞ்சி

ரொம்ப நாளாகவே இந்த இழையைத் தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணா மாநிலங்களவையில் இருந்தது 1962 ஏப்ரல் முதல் 1967 தொடக்கம் வரை. அந்த ஐந்தாண்டுப் பேச்சில் நமக்குத் தெரிந்தது எவ்வளவு? வாட்ஸ்அப்பில் படத்தோடு சுற்றும் நான்கைந்து வரி. அதைப் பகிர்பவர்களில் பத்தில் ஒருவர்கூட முழுப் பேச்சைப் படித்திருக்க மாட்டார்கள். எதிர்த்துத் திட்டுபவர்களும் அப்படித்தான்.

பின்னணி தெரியாத தம்பி தங்கைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1962 தேர்தலில் திமுக 50 சட்டமன்றத் தொகுதிகளில் வென்றது. கட்சியை வெற்றிக்குக் கொண்டுவந்த அண்ணா மட்டும் காஞ்சிபுரத்தில் தோற்றார். அதனால்தான் மாநிலங்களவைக்குப் போனார். தோற்றவருக்குக் கிடைத்த ஆறுதல் நாற்காலி என்று அன்றைக்குப் பேசியவர்கள் இருந்திருப்பார்கள். போய் உட்கார்ந்த சில வாரங்களில், 1962 மே 1ஆம் தேதி, குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது முதல் பேச்சு.

அந்தப் பேச்சை நான் பலமுறை படித்திருக்கிறேன். 'நான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன், அதில் பெருமை கொள்கிறேன்' என்ற வரி எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வரியை யாரும் எடுத்துப் போடுவதில்லை. அப்படிச் சொல்வதால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ நான் எதிரானவன் என்று பொருளில்லை என்கிறார். உடனே ராபர்ட் பர்ன்ஸின் கவிதை வரியைத் துணைக்கு அழைக்கிறார், என்ன இருந்தாலும் மனிதன் மனிதன்தான் என்று. அவையில் இருந்த பெரும்பாலோர் ஒரு பிரிவினைவாதி வந்து வெறுப்பைக் கக்கப்போகிறான் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பை முதலில் உடைக்கிறார், தெற்கைத் தனிநாடாக்கும் திராவிட நாடு கோரிக்கைக்கு அப்புறம்தான் வருகிறார். வரிசையை மாற்றியிருந்தால் பேச்சே விழுந்திருக்கும்.

பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம். பிரிவினை என்றாலே அன்று எல்லோர் மனத்திலும் இருந்தது 1947. ரத்தம், அகதிகள், ரயில்கள். அந்த அச்சத்தைப் பெயர் சொல்லியே எடுத்துப் பேசுகிறார். தெற்கு ஒரு தீபகற்பம், தனி நிலப்பகுதி, இங்கே பெரிய இடப்பெயர்வு இருக்காது, அகதிச் சிக்கல் வராது என்கிறார். அந்தக் கோரிக்கையை நாம் இன்று ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு விஷயம். எதிராளி வாய்விட்டுக் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார் பாருங்கள், அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

யாரெல்லாம் முழுப் பேச்சுகளைப் படித்திருக்கிறீர்கள்? எந்தப் பேச்சு, எதற்காகப் பிடித்தது என்று எழுதுங்கள். வெறும் புகழ்ச்சி வேண்டாம்.

மாலதி_டீச்சர்

நல்ல இழை, நன்றி. பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகள் தயார் செய்யும்போது ஒவ்வொரு வருடமும் வருவது காக்கை-மயில் மேற்கோள்தான். 'பெரும்பான்மையோர் பேசுவதால் இந்தி பொதுமொழி என்றால், எண்ணிக்கையில் அதிகமான எலி இருக்க ஏன் புலியைத் தேசிய விலங்காக வைத்தோம், காக்கை இருக்க ஏன் மயிலைத் தேசியப் பறவையாக்கினோம்' என்று. மாநிலங்களவையில் சொன்னது என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா?

தமிழினி_சட்டம்

டீச்சர், அந்த வடிவத்தில் சொல்லித் தராதீர்கள். புலி தேசிய விலங்கானது 1970களின் தொடக்கத்தில். அதற்கு முன்பு சிங்கம்தான். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. ஆக, புலியைத் தேசிய விலங்கு என்று அவர் சொல்லியிருக்கவே முடியாது. மயில் 1963இல் அறிவிக்கப்பட்டது, அந்தப் பாதி காலத்தோடு பொருந்துகிறது. யாரோ பின்னாளில் மெருகேற்றியது எலி-புலிப் பாதி.

இது எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. காரணம், எண்ணிக்கைப் பெரும்பான்மை பற்றிய அந்த வாதம் அண்ணாவுக்கு அந்நியமானதில்லை. ஆனால் தவறான வடிவத்தில் ஒரு மாணவி மேடையில் சொல்லி, எதிரில் இருப்பவர் புலிக் கணக்கை எடுத்து நீட்டினால், வாதமும் சேர்ந்து கவிழ்கிறது. அவர் சொன்னதிலேயே உறுதியானவை நிறைய இருக்கின்றன. 1963 மே மாதம் ஆட்சிமொழி மசோதா வந்தபோது அவர் வைத்த வாதத்தைப் பாருங்கள். ஆங்கிலம் தொடர்ந்தால் இந்தி பேசுவோருக்கும் பேசாதோருக்கும் சாதகமும் பாதகமும் சமமாகப் பங்கிடப்படும் என்றார். மொழிப்பற்று, பழம்பெருமை எதையும் அந்த வாதம் நம்பி நிற்கவில்லை. தேர்வு எழுதப் போகும் இரண்டு இளைஞர்களை அருகருகே நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. ஒருவனுக்குத் தாய்மொழியே தேர்வு மொழி, இன்னொருவன் அதைப் படித்துத்தான் தேற வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள் டீச்சர். காக்கையைவிட இதற்குத்தான் பதில் சொல்வது கடினம்.

மாலதி_டீச்சர்

அருமை தமிழினி. இந்த வருடம் மாற்றிவிடுகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இது புரியும், அவர்களே தேர்வு எழுதப் போகிறவர்கள்தானே.

நேர்கோடு

எல்லோரும் நெகிழ்ந்து பேசுகிறீர்கள். நான் எதிர்க்கேள்வி கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணா மீது எனக்கும் மரியாதை உண்டு.

ஒரு உறுப்பினரின் பங்களிப்பு என்றால் அதனால் ஏதாவது நடந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? பதினாறாவது அரசியல் சட்டத்திருத்தத்தை எதிர்த்துப் பேசினார், அது நிறைவேறியது. ஆட்சிமொழி மசோதாவை எதிர்த்துப் பேசினார், அதுவும் நிறைவேறியது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் மசோதாவை ஆதரித்துப் பேசினார், அது தோற்றது. மூன்றுக்கு மூன்றும் தோல்வி. 1967இல் ஆட்சி மாறியது தெருவில் நடந்த போராட்டத்தாலும் அரிசி விலையாலும் கூட்டணியாலும். மாநிலங்களவைப் பேச்சைப் படித்துவிட்டு யாரும் வாக்களிக்கவில்லை. அந்தப் பேச்சுகள் அழகான ஆங்கில உரைகள், அவ்வளவுதான் என்றால் என்ன தவறு?

கரிகாலன்_காஞ்சி

கேட்க வேண்டிய கேள்விதான் ஐயா. பதினாறாவது திருத்தத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கேதான் எனக்கு விடை கிடைத்தது.

சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். 1962 அக்டோபரில் சீனப் போர். திமுக போராட்டங்களை நிறுத்திவிட்டு அரசுக்கு ஆதரவு என்று அறிவித்தது. சில வாரங்கள் கழித்து, 1963 ஜனவரியில், மசோதா வருகிறது. சி.பி. ராமசாமி அய்யர் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டிய மசோதா. பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை மூன்றின் மீதும் 'இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும்' என்ற பெயரில் கட்டுப்பாடு விதிக்கலாம். தேர்தலில் நிற்பவர் அதைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். வேட்புமனு வாங்கும் மேசையிலேயே கதவு சாத்தப்படுகிறது. யாரை நோக்கிய மசோதா என்பதில் அவையில் ஒருவருக்கும் ஐயம் இல்லை.

இந்த நிலையில் ஒருவர் என்ன பேசலாம்? முழங்கலாம், வெளிநடப்புச் செய்யலாம். அண்ணா அங்கே நின்று இறையாண்மை என்றால் என்ன என்று விவாதிக்கிறார். முகப்புரையின்படி அரசியல் இறையாண்மை மக்களிடம் இருக்கிறது. சட்ட இறையாண்மையோ ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையே பங்கிடப்பட்டிருக்கிறது. எங்கள் திட்டம் மாநிலங்களை இன்னும் திறம்பட்ட இறையாண்மை கொண்ட அலகுகளாக ஆக்குவது என்று ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது, என்று கேட்கிறார்.

இந்த வாதத்தின் எடையைப் பாருங்கள். அதே ஆண்டு நவம்பரில் கட்சி திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. கைவிட்ட பிறகு எங்கே போய் நிற்பது? ஜனவரியில் அந்த அவையில் கோடு போட்டுக் காட்டிய இடத்தில், மாநில சுயாட்சியில். பின்னாளில் தமிழ்நாட்டு அரசியல் பல பத்தாண்டுகள் பேசிய மொழி அந்த விவாதத்தில் இருக்கிறது. மசோதா நிறைவேறியது உண்மை. ஆனால் தோற்கப்போவது தெரிந்த விவாதத்தில், தோற்ற பிறகு தன் ஆட்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு தலைவர் வகுத்துக்கொடுத்தார் என்றால் அது பங்களிப்பு இல்லையா?

நேர்கோடு

இறையாண்மை வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வாதத்தைக் காஞ்சிபுரம் பொதுக்கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே. மாநிலங்களவை எதற்கு?

சுருக்கெழுத்து

இதற்கு என் வேலை அனுபவத்திலிருந்து சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஒரு சட்டமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றவன்.

பொதுக்கூட்டத்தில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். அவையில் பேசினால் மறுப்பு கிடைக்கும், அந்த மறுப்பும் பதிவாகும். நாங்கள் சில நிமிடங்களுக்கு ஒருவராக மாறி மாறிப் போய் உட்காருவோம். ஒருவர் எழுந்து போகும்போது அடுத்தவர் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார், ஒரு சொல் விழக்கூடாது. உறுப்பினர் பேசுவதை எடுப்பது எளிது. குறுக்கீட்டை எடுப்பதுதான் தொழில். ஒரே நேரத்தில் நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். யார் சொன்னது, முழு வாக்கியமா பாதியா, அமைச்சர் அதற்குத் தலையசைத்தாரா வாயால் சொன்னாரா, எல்லாம் பார்க்க வேண்டும். தலையசைப்பு பதிவாகாது, வாய்ச்சொல் பதிவாகும். தட்டெழுத்துப் பிரதி உறுப்பினருக்குப் போகும். இலக்கணப் பிழை, எண் பிழை திருத்தலாம். சொன்ன கருத்தை மாற்ற விடமாட்டோம். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

மாநிலங்களவையின் பழைய தொகுதிகளைப் பார்த்திருக்கிறேன். நேரம் முடிந்து மணி அடித்தால் அதுவும் அச்சில் இருக்கும். மணிக்குப் பிறகு ஒருவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும். சிலர் இன்னும் இரண்டு நிமிடம் என்று கெஞ்சி அதே விஷயத்தைத் திரும்பச் சொல்வார்கள். சிலர் மிச்சம் இருந்த மூன்று வாதத்தில் வலுவான ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். நேர்கோடு ஐயாவுக்கு என் பதில் இதுதான். பொதுக்கூட்டப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. அவைப் பேச்சு, மறுத்தவரின் சொல்லோடு சேர்ந்தே காலத்துக்கும் நிற்கும். எந்த வாதம் அடி தாங்கியது என்று 60 ஆண்டு கழித்தும் பார்க்கலாம்.

பொன்னி_நதி

சுருக்கெழுத்து ஐயா சொன்னதற்கு நல்ல உதாரணம் தமிழ்நாடு பெயர் மாற்ற விவாதம். எனக்கு அவர் பேசியதிலேயே அதுதான் உயிர்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் தமிழர் இல்லை. வங்கத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பூபேஷ் குப்தா, தனிநபர் மசோதாவாக. 1956இல் சங்கரலிங்கனார் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டார், அவர் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. ஏழு ஆண்டு கழித்து டில்லியில் ஒரு வங்காளி எழுந்து அதைக் கேட்கிறார். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1963இல் விவாதம். தமிழ் இலக்கியத்தில் அந்தப் பெயர் இல்லை என்ற வாதம் வருகிறது. அண்ணா பரிபாடலின் 'தண்டமிழ் வேலித் தமிழ்நாட்டகமெல்லாம்' முதல் பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை வரை வரிசையாக எடுத்து வைக்கிறார். அடுத்த கேள்வி: பெயரை மாற்றுவதால் உங்களுக்கு என்ன லாபம்?

இங்கேதான் கவனிக்க வேண்டும். நாமாக இருந்தால் உணர்ச்சிவசப்பட்டிருப்போம். அவர் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார். பார்லிமென்டை லோக் சபா என்று மாற்றி நீங்கள் என்ன லாபம் கண்டீர்கள்? கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸை ராஜ்ய சபா என்று மாற்றி? பிரசிடென்டை ராஷ்டிரபதி என்று அழைத்து? கேட்டவர் உட்கார்ந்திருக்கும் அவையின் பெயரே அவருக்குப் பதிலாகிவிட்டது. அத்தோடு விடவும் இல்லை. எங்களுக்கு உணர்வு சார்ந்த லாபம் இருக்கிறது, ஒரு பழைய பெயர் கோடிக்கணக்கானவர்களின் நெஞ்சில் பதியும் நிறைவு இருக்கிறது, அந்தச் சிறு மாற்றத்துக்கு இது போதாதா என்கிறார். உணர்வை ஒளித்து வைக்காமல், இது உணர்வுதான் என்று ஒப்புக்கொண்டே கேட்கிறார். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

தமிழினி_சட்டம்

அதன் சட்டப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். பிரிவு 3இன்படி ஒரு மாநிலத்தின் பெயரை மாற்றும் மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும், அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தையும் கேட்க வேண்டும். காங்கிரஸ் ஆளும் மாநிலமும் ஒன்றியமும் விரும்பாதபோது தனிநபர் மசோதா தோற்றே ஆக வேண்டும். பூபேஷ் குப்தாவுக்கும் அது தெரிந்திருக்கும்.

பிறகு நடந்தது: 1967 ஜூலை 18, சென்னைச் சட்டமன்றத்தில் அண்ணாவே முதலமைச்சராகத் தீர்மானத்தை முன்வைக்கிறார், ஒருமனதாக நிறைவேறுகிறது. 1968 இறுதியில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றுகிறது. 1969 ஜனவரி 14 முதல் நடைமுறை. அண்ணா அதற்குப் பிறகு மூன்று வாரம்கூட இல்லை.

நேர்கோடு ஐயா, 1963இல் தோற்ற மசோதாவின் பெயரையும் 1968 சட்டத்தின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன மூன்று தோல்வியில் ஒன்று வெறும் ஐந்தாண்டுத் தாமதம்.

நேர்கோடு

சரி, அந்த ஒன்றை எடுத்துவிடுகிறேன். ஆனால் அதுவும் அண்ணா ஆட்சிக்கு வந்ததால்தான் நடந்தது. ஆட்சி கிடைக்காத ஒரு மேலவை உறுப்பினரின் பேச்சு எதையாவது மாற்றியதாகக் காட்டுங்கள். அப்போது நம்புகிறேன்.

மாலதி_டீச்சர்

ருக்மிணி தேவி அருண்டேல்! கட்சியும் இல்லை, ஆட்சியும் இல்லை. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர். 1953இல் விலங்குவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1890ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டம்தான் அதுவரை இருந்தது. அவர் பேசியதைக் கேட்ட நேரு, அரசே இதைச் செய்யும் என்று உறுதி சொன்னதால் மசோதாவைத் திரும்பப் பெற்றார். குழு போட்டார்கள். 1960இல் சட்டம் வந்தது. அதன் கீழ் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். இன்றைக்கும் வண்டிமாட்டை அடித்தால் பாயும் சட்டம் அதுதான்.

தமிழினி_சட்டம்

டீச்சர் முந்திக்கொண்டார்! அண்மைக்கால உதாரணம் திருச்சி சிவா. திருநர் உரிமைகளுக்கான அவருடைய தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. ஏறக்குறைய 45 ஆண்டுகளில் ஓர் அவையில் நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா. திரும்பப் பெறச் சொல்லி அரசுத் தரப்பு கேட்டது, அவர் மறுத்தார். மக்களவையில் அது சட்டமாகவில்லை. ஒன்றிய அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தின் மீது திருநர் சமூகத்துக்குக் கடுமையான குறைகள் உண்டு, எனக்கும் உண்டு. சிவாவின் மசோதாவில் இருந்த பலவற்றைச் சட்டத்தில் காணோம். குறை சொல்வதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறதென்றால் அது 2015இல் அந்த அவை ஏற்றுக்கொண்ட வாசகம்.

யாழ்_வாசகன்

எங்கட பக்கத்து அனுபவம் ஒண்டையும் சொல்ல விருப்பம், அண்ணைமார் மன்னிக்கவேணும் இழை கொஞ்சம் விலகினால்.

இலங்கையிலையும் ஒரு மேலவை இருந்தது. செனற் சபை. சோல்பரி அரசியலமைப்பின்படி 1947இல தொடங்கினது, 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவுசெய்யும், 15 பேரை மகாதேசாதிபதி (கவர்னர் ஜெனரல்) நியமிப்பார். சட்டத்தரணி எஸ். நடேசன் மாதிரியான ஆக்கள் அதில இருந்தவை. 1965இல தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்காவின்ர அரசாங்கத்தில சேர்ந்தபோது, மு. திருச்செல்வம் செனற்றராகி உள்ளூராட்சி அமைச்சராக வந்தார். தேர்தலிலை நிக்காத ஒருத்தரை அமைச்சராக்க அந்த வாசல்தான் இருந்தது. திருக்கோணேஸ்வரக் கோயில் சுற்றாடலைப் புனித பகுதியாக்கிற விசயத்திலை அவர் போட்ட குழுவைப் பிரதமர் நிறுத்தினதாலை 1968இல பதவி விலகினார்.

1971 ஒக்ரோபர் 2ஆம் திகதியோட செனற் சபையையே எடுத்துப்போட்டினம். அடுத்த வருசம் குடியரசு யாப்பு வந்தது. சோல்பரி யாப்பிலை சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பும் அதோட போச்சுது. செனற் சபை இருந்திருந்தால் எல்லாம் தடுத்திருக்கும் எண்டு நான் சொல்லேல்ல. 1956 தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது செனற் சபை இருந்ததுதானே, தடுக்கேல்லையே. ஆனால் எண்ணிக்கையில் குறைந்தவன் நிண்டு காரணம் சொல்லிப் பேசுறதுக்கு ஒரு இடம் இருந்தது. அந்த இடம் இல்லாமல் போனால் அடுத்து எங்க போய்ப் பேசுறது எண்ட கேள்வி வருது. அதுக்கான விடையை எங்கட சனம் பட்டுத்தான் கண்டது.

நீங்கள் அண்ணாவின்ர பேச்சை 'பலன் என்ன' எண்டு கேக்கேக்கை எனக்கு உதுதான் ஞாபகம் வந்தது.

கரிகாலன்_காஞ்சி

யாழ்_வாசகன், விலகவே இல்லை. மையத்துக்கே வந்துவிட்டீர்கள். நன்றி.

நேர்கோடு

யாழ் நண்பர் சொன்னதைப் படித்துச் சற்று நேரம் யோசித்தேன். அவர் சொன்னதிலேயே என் வாதத்துக்கும் இடம் இருக்கிறது, 1956இல் தடுக்கவில்லை என்கிறாரே. ஆனாலும் பேச ஓர் இடம் என்பதன் மதிப்பை நான் குறைத்துத்தான் எடைபோட்டிருந்தேன்.

ஒன்றை நானே என் வாதத்துக்கு எதிராகச் சேர்க்கிறேன், நேர்மைக்காக. மாநிலங்களவை தடுக்கவும் செய்யும். 1970 செப்டம்பரில், முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தை ஒழிப்பதற்கான அரசியல் சட்டத் திருத்தம் மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கில் ஒரு பின்னம் குறைவு. விழுந்துவிட்டது. பண மசோதாவில் 14 நாள் தாமதிப்பதைத் தவிர அவர்களால் ஒன்றும் முடியாது. ஆனால் அரசியல் சட்டத் திருத்தத்தில் இரு அவைக்கும் ஒரே பலம். அதனால் பதினாறாவது திருத்தத்தின்போது அங்கே பேசியது பொதுக்கூட்டப் பேச்சுக்குச் சமம் என்று நான் சொன்னது அவ்வளவு சரியில்லை. எண்ணிக்கை வேறுமாதிரி இருந்திருந்தால் அந்த அவையால் நிறுத்தியிருக்க முடியும்.

பொன்னி_நதி

இது பெரிய மனசு ஐயா.

இன்னொன்றையும் கேட்கிறேன். இப்போது உறுப்பினர்களை மதிப்பிட எல்லோரும் நாடாளுமன்றப் பதிவுகளைத் தொகுக்கும் பிஆர்எஸ் தளத்து எண்ணிக்கையைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். வருகை இத்தனை சதவீதம், விவாதம் இத்தனை, கேள்வி இத்தனை. அண்ணாவை அந்தத் தராசில் வைத்தால் என்ன ஆகும்? விலைவாசி உயர்வுப் போராட்டத்தில் 1962இல் வேலூர்ச் சிறை. 1963 நவம்பரில் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியை எரிக்கும் போராட்டம், கைது, ஆறு மாதத் தண்டனை. 1965 ஜனவரியில் மறுபடி கைது. வருகைப் பதிவேட்டில் இது எல்லாம் வெறும் 'வரவில்லை' என்றுதானே விழும்?

சுருக்கெழுத்து

அம்மா, அந்தத் தளத்தைக் குறை சொல்ல மாட்டேன். வராமலேயே இருப்பவர்களைக் காட்டிக்கொடுக்க அது தேவை. எண்ணிக்கையோடு நின்றுவிடுவதுதான் கோளாறு. ஆயிரம் தடவை எழுந்து துறை எழுதிக்கொடுத்த தாளைப் படிப்பவரும் ஒரு விவாதம், நாலு நாள் உட்கார்ந்து மசோதாவின் பிரிவுகளைப் படித்துவிட்டு வந்து ஒரு சொல்லைக்கூட வீணாக்காமல் பேசுபவரும் ஒரு விவாதம். நான் வேலையில் இருந்தபோது எங்களுக்குள் ஓர் அடையாளம் உண்டு. மசோதாப் பிரதியில் பென்சில் குறிப்போடு வருகிறாரா, இல்லை வெறுங்கையோடு வருகிறாரா? பிரதியோடு வருபவர் எழுந்தால் நாங்களும் நிமிர்ந்து உட்காருவோம். பிரிவு எண், வரி எண் என்று வரும், தப்பினால் பிடிக்க முடியாது.

மாலதி_டீச்சர்

அண்ணா அங்கே ஆங்கிலத்தில்தான் பேசினார் இல்லையா? தமிழில் பேச இடமே இல்லையா?

தமிழினி_சட்டம்

பிரிவு 120இன்படி அவை மொழி இந்தி அல்லது ஆங்கிலம். இரண்டிலும் தன் கருத்தைச் சரியாகச் சொல்ல இயலாதவருக்கு அவைத்தலைவர் தாய்மொழியில் பேச அனுமதி தரலாம். அண்ணா பொருளாதாரத்தில் முதுகலை படித்தவர், ஆங்கிலம் அவருக்குக் கைவந்தது. அவர் யாரிடம் பேசினார் என்று பார்த்தால் இதன் காரணம் புரியும். 1962இல் அதே அவைக்கு வாஜ்பாயும் வந்திருந்தார், அவரும் மக்களவைத் தேர்தலில் தோற்று வந்தவர்தான். மொழி பற்றி இருவரும் நேர் எதிர்த் துருவம். அவையை வென்றெடுக்க வேண்டுமென்றால் அவையின் காதில் விழும் மொழியில்தான் பேச வேண்டும் என்று அண்ணா முடிவெடுத்திருக்கிறார். ஆங்கிலம் எல்லோருக்கும் சம தூரம் என்ற தன் வாதத்துக்குத் தன் பேச்சையே சான்றாகவும் நிறுத்தினார்.

நேர்கோடு

ஒரு கொசுறு. 1967இல் முதலமைச்சரானபோது அண்ணா சட்டமன்ற உறுப்பினர் இல்லை. தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றிருந்தார், அதை விட்டுவிட்டு மாநிலச் சட்ட மேலவைக்குத்தான் வந்தார். 1952இல் ராஜாஜியும் மேலவை வழியாகத்தான் முதலமைச்சர். டில்லி மேலவையில் பேசியவர், சென்னை மேலவையில் அமர்ந்து ஆண்டிருக்கிறார். அந்த மேலவை 1986 நவம்பர் 1இல் ஒழிக்கப்பட்டது. 2010இல் மீண்டும் கொண்டுவரச் சட்டம்கூட வந்தும் நடக்கவில்லை. அந்த மேலவை விவாதங்களை யாராவது படித்திருக்கிறார்களா? அதற்குத் தனி இழையே போடலாம்.

கரிகாலன்_காஞ்சி

போடுவோம் ஐயா, நீங்களே தொடங்குங்கள், நான் வருகிறேன்.

இந்த இழையை இப்படி நகர்த்தலாம் என்று நினைக்கிறேன். மாநிலங்களவை விவாதங்கள் 1952இலிருந்து இணையத்தில் இருக்கின்றன, உறுப்பினர் பெயர் போட்டுத் தேடலாம். அண்ணாவின் பேச்சை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். அவருக்கு முன்னால் பேசியவரிலிருந்து தொடங்கி, அமைச்சர் பதில் சொல்லி முடிக்கும் வரை படியுங்கள். முதலில் 1962 மே 1. அடுத்து 1963 ஜனவரி, பதினாறாவது திருத்தம். பிறகு பெயர் மாற்ற விவாதம். அதன்பின் மே மாத ஆட்சிமொழி விவாதம்.

தமிழினி, ஆட்சிமொழி விவாதத்தில் உள்துறை தரப்பு வைத்த பதிலை நீங்கள் எடுத்து எழுத முடியுமா? சாதக பாதகம் சமம் என்ற அந்த வாதத்துக்கு யாராவது நேராகப் பதில் சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். பெயர் மாற்றத்தில் எதிர்த்துப் பேசிய தமிழ் உறுப்பினர்களின் வாதத்தைப் பொன்னி எடுத்துக்கொள்ளட்டும், அவர்கள் தரப்பையும் நியாயமாக எழுதுங்கள். பதினாறாவது திருத்தம் என்னுடையது, நேர்கோடு ஐயா சரிபார்க்கட்டும்.

தமிழினி_சட்டம்

செய்கிறேன். அமைச்சர் பதிலுக்கு முன் மற்றக் கட்சிகளின் தென்னிந்திய உறுப்பினர்கள் என்ன சொன்னார்கள் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அடுத்த ஞாயிறுக்குள் முதல் பகுதி போட்டுவிடுவேன்.

பொன்னி_நதி

எனக்கும் சம்மதம். எதிர்த்தவர்களின் பேச்சை முதலில் படித்துவிட்டுத்தான் அண்ணாவின் பக்கத்தைத் திருப்புவேன்.